கரெக்‌ஷன்ஸ்: திருத்தமா, சீர்திருத்தமா?

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் 'கிரிமினல் ஜஸ்டிஸ்', 'கரெக்‌ஷன்ஸ்' இரண்டையும் சேர்த்து இரண்டாண்டுப் பட்டப்படிப்பு நடத்துகிறார்கள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'குற்றவியல் நீதி' வரை சரியாக வந்துவிட்டு, அடுத்த சொல்லில் தடுக்கி, 'திருத்தங்கள்' என்று போட்டுவிடுகிறார்கள். படிக்கிறவருக்குச் சட்டத் திருத்தமோ அச்சுப்பிழைத் திருத்தமோதான் நினைவுக்கு வரும். சிறை வரவே வராது.

தீர்ப்புக்குப் பிறகு குற்றவாளியை என்ன செய்வது என்பது முழுவதற்கும் பொதுப்பெயர் கரெக்‌ஷன்ஸ். சிறை அதில் ஒரு பகுதிதான். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வெளியே விடும் புரொபேஷனும் இதில் சேரும். 1841-இல் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் அழைத்துப்போனார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தெளிந்து வந்து நின்றார். புரொபேஷன் பிறந்த கதை அது. பரோலும் இதற்குள்தான் வரும். ஆனால் நம் செய்திகளில் பரோல் என்றால் சில நாள் சிறை விடுப்பு. அமெரிக்காவிலோ மீதித் தண்டனையைக் கண்காணிப்போடு வெளியே கழிப்பது. மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன் 'கொரிகெரெ', அதாவது நேராக்குதல். சிறைக்கு இந்தப் பெயர் ஒட்டியது பிற்காலத்தில்தான். 1829-இல் பிலடெல்பியாவில் திறந்த பெரிய சிறையை 'பெனிடென்ஷியரி', அதாவது செய்த தவறுக்கு வருந்தும் இடம், என்றார்கள். தனிமையில் கிடந்து வருந்தினால் மனம் மாறும் என்பது நம்பிக்கை. 1870-இல் தொடங்கிய சிறைச் சங்கம் 1954-இல் தன் பெயரிலிருந்த சிறையை எடுத்துவிட்டு 'அமெரிக்கன் கரெக்‌ஷனல் அசோசியேஷன்' ஆனது. வருந்துவது கைதியின் வேலை, நேராக்குவது அரசின் வேலை. அந்த மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழில் இந்த வேறுபாடு ஓர் எழுத்தில் இருக்கிறது. திருந்துவது தன்வினை, திருத்துவது பிறவினை. காடு திருத்திக் கழனி ஆக்குவது போல, திருத்துவதற்கு ஓர் ஆளும் உழைப்பும் வேண்டும். அதனால் வெறும் 'சீர்திருத்தம்' என்பதும் எனக்குப் போதவில்லை. நிலச் சீர்திருத்தம், சீர்திருத்தத் திருமணம் என்று அது வேறு பக்கம் இழுக்கும். 'சீர்திருத்தப் பணி' என்றால் பொருள் நிற்கிறது. தமிழ்நாட்டுச் சிறைத்துறையின் பெயரிலேயே 'சீர்திருத்தப் பணிகள்' உண்டு. ஆகவே அந்தப் படிப்பை 'குற்றவியல் நீதியும் சீர்திருத்தப் பணியும்' என்று எழுதலாம்.

அப்புறம், அதைப் படித்துவிட்டுக் 'கரெக்‌ஷனல் ஆபீசர்' வேலைக்குப் போகிறவரைச் சிறைக் காவலர் என்றே எழுதுங்கள். 'சீர்திருத்த அலுவலர்' என்றால், சாவிக்கொத்தோடு இரவுப் பணியில் நிற்பவரை யாரும் நினைக்கமாட்டார்கள்.