இம்மெல்மானின் துப்பாக்கியும் ஒரு மேட்டுச் சக்கரமும்

"விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லரின் ஊடாகவே இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்களே, அதன் இதழ்கள் எப்படித் தப்பின?" என்று முதல் உலகப் போரைப் பற்றிப் படித்துவந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஜெர்மன் விமானி மாக்ஸ் இம்மெல்மானின் வாழ்க்கையைக் கொண்டே இதை விளக்கலாம். அவருக்குப் புகழைத் தேடித்தந்தது அந்தப் பொறியமைப்புதான். அவர் உயிரைப் பறித்ததும் அதுதான் என்பது ஜெர்மன் தரப்பின் கூற்று.

1890-இல் டிரெஸ்டனில் பிறந்த அவர், படைத்துறைப் பள்ளியில் பயின்று ரயில்வே படைப்பிரிவில் சேர்ந்தார். பிறகு அதை விட்டு விலகி இயந்திரப் பொறியியல் படித்தார். 1914-இல் போர் மூண்டதும் படைக்குத் திரும்பி விமானியானார். 1915 ஆகஸ்ட் 1 அன்று, பிரான்சின் டுவே தளத்தில் குண்டுவீச வந்த பிரிட்டிஷ் விமானம் ஒன்றை ஃபோக்கர் ஒற்றைச் சிறகு விமானத்தில் துரத்தித் தரையிறங்கச் செய்தார். தாமும் அருகிலேயே இறங்கி, கையில் காயம்பட்டிருந்த அந்த விமானிக்கு உதவினார். 1916 ஜனவரியில், சக விமானி போல்கேவுடன் ஒரே நாளில், பிரஷ்யாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றார்.

இனி அந்தப் பொறியமைப்புக்கு வருவோம். பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ், இதழ்களில் எஃகு ஆப்புகளைப் பொருத்தி, அவற்றில் படும் குண்டுகளைத் தெறிக்கவிட்டார். ஃபோக்கர் நிறுவனத்தாரோ இதழில் குண்டே படாமல் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சினோடு இணைந்து சுழலும் சக்கரம் ஒன்றின் விளிம்பில் ஒரு மேடு உண்டு. குழலுக்கு நேரே இதழ் இல்லாத கணத்தில் அந்த மேடு ஒரு தண்டைத் தள்ள, தண்டு துப்பாக்கியின் விசையைத் தட்டும். விமானி பொத்தானை அழுத்துவது சுடுவதற்கு அன்று. அந்தத் தண்டைத் துப்பாக்கியோடு இணைப்பதற்கு மட்டுமே. எந்தக் கணத்தில் சுடுவது என்பதைப் புரொப்பெல்லரே தீர்மானிக்கிறது! நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியக்கும் இடம் இதுதான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1200 முறை சுற்றினால் ஒரு சுற்றுக்கு 50 மில்லிவினாடி. துப்பாக்கி தன் போக்கில் நிமிடத்துக்கு 500 குண்டுகள் சுடக்கூடியது என்றால், அடுத்த குண்டுக்குத் தயாராக 120 மில்லிவினாடி வேண்டும். சுற்றுக்கு ஒரு தட்டு என்று கொண்டால், அது மூன்றாவது தட்டில்தான் வெடிக்கும். சுடும் வேகம் நிமிடத்துக்கு 400 குண்டுகளாகக் குறையும். குழல்முனையிலிருந்து புரொப்பெல்லர் வரையுள்ள ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குண்டு கடப்பதற்குள் இதழ் சுமார் 9 பாகை திரும்பியிருக்கும். அதையும் கணக்கில் கொண்டே மேட்டின் இடத்தை அமைக்க வேண்டும். தண்டு தேய்ந்தாலோ, மட்டமான தோட்டா சில மில்லிவினாடி தாமதித்து வெடித்தாலோ, குண்டு இதழைத் துளைத்துவிடும்.

1916 மே 31 அன்று இம்மெல்மானுக்கு இதுவே நேர்ந்தது. தம் குண்டுகளாலேயே இதழ் துண்டானது. மையத்திலிருந்து 90 செ.மீ. தொலைவில் ஒரு கிலோ மரம் குறைந்தாலே ஏறத்தாழ 1.4 டன் எடைக்கு நிகரான விசை, வினாடிக்கு 20 முறை திசை மாறி எஞ்சினை உலுக்கும். அவர் எஞ்சினை நிறுத்தி, சறுக்கியே தரையிறங்கினார்.

ஜூன் 18 அன்று சலோமின் அருகே அவருடைய விமானம் வானிலேயே உடைந்து விழுந்தது. மக்கபின், வாலர் என்ற தங்கள் வீரர்களே சுட்டு வீழ்த்தியதாகப் பிரிட்டிஷார் பதிவு செய்தனர். துப்பாக்கி இயக்கம் மீண்டும் தவறி இதழ் அறுந்தது என்றனர் ஜெர்மானியர். பின்னதைத் தோல்வியை மறைக்கச் சொன்ன சாக்கு என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. பதினெட்டே நாள்களுக்கு முன் அதே பழுதை அவர் தாமே கண்டு, தப்பி வந்திருந்தார்.