எதைப் போன்ற ‘போலி’?

கர்நாடகத்துச் சன்னபட்டண மரமணி மாலை, சுடுமண் தோடு, காகித வளையல் எல்லாம் வைத்து பெங்களூரில் ஒரு கண்காட்சி. தமிழில் அழைப்பு வந்தது: ‘விலைமதிப்பற்ற பொருள்களால் ஆன சமகாலப் போலி நகைகள்’. விலை உயர்ந்த பொருள்களில் செய்யாதவை என்று சொல்ல வந்தவர், வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் உரிய சொல்லைப் போட்டுவிட்டார். அது கவனக்குறைவு, திருத்திவிடலாம். ‘போலி நகை’தான் மனசு ஆறவில்லை. அல்சூர் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் கேட்டுக் கேட்டுச் சலித்த சொல் அது.

நகு என்றால் சிரி, ஒளிர், அதிலிருந்து நகை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதான நகை, சிரிப்பு. மின்னுவதால் ஆபரணத்துக்கும் அப்பெயர். அணி என்பதோ உடலில் அணிவதால் வந்தது.

போலி, ‘போல்’ என்பதன் வழி வந்த சொல். ஒன்றைப் போலி என்றால் அது எதைப் போல இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். செம்பின்மேல் பொன்முலாம் பூசிய சிதம்பரம் கவரிங் தங்கத்தைப் போல இருக்கிறது. அங்கே நான் வாதாட மாட்டேன். (கவரிங் என்றே சொன்னாலும் போதும். ‘முலாம்’ மட்டும் என்ன, அரபியிலிருந்து வந்ததுதானே!) வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றிய சன்னபட்டண மணி எதைப் போல இருக்கிறது? மரமாகத்தான் இருக்கிறது. யாரையும் ஏமாற்றவில்லை. கீழடியில் சங்கு வளையல் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தனவே, அவற்றைப் போட்டவர்களும் போலி நகை போட்டவர்களா?

1967-இல் நெதர்லாந்தில் நகைக் கலைஞர்கள் கைஸ் பாக்கரும் எமி வான் லீர்சுமும் அலுமினியத்தில் பெரிய கழுத்தணிகள் செய்தார்கள். நகை என்றால் செல்வத்தைக் காட்டுவது என்ற எண்ணத்தை மறுப்பதே அவர்கள் நோக்கம். அந்த அலுமினியமும், 1886-இல் மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் மின்பகுப்பு முறை வரும்வரை அரிய உலோகமாகத்தான் இருந்தது. 1980-இல் ஓட்டோ குன்ஸ்லி என்ற நகைக் கலைஞர் ஒரு தங்க உருண்டையைக் கறுப்பு ரப்பர் வளையலுக்குள் மறைத்துவைத்தார். வெளியே ரப்பர், உள்ளே தங்கம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? தங்கம் கண்ணில் படாவிட்டால் உடனே ‘போலி’ என்று எழுதும் கை, அடகுக் கடைத் தராசைப் பிடித்துப் பழகிய கை.

‘செயற்கை நகை’ என்பாரும் உண்டு. எந்த நகை மரத்தில் காய்க்கிறது? ‘சமகால நகை’ கொஞ்சம் தேவலை. ஆனால் நேற்று வார்த்த காசுமாலையும் சமகாலத்தது தானே.

என் தேர்வு ‘கலையணி’. மின்னவேண்டிய கட்டாயம் இதில் இல்லை. செய்தவர் திறமும் அணிபவர் விருப்பமும் இருக்கின்றன. பொருளைச் சொல்ல வேண்டுமா, மரவணி, சுடுமண் அணி, காகித அணி என்று நேராகச் சொல்லலாம்.

அழைப்பு அனுப்பியவருக்கு இப்படித் திருத்தி எழுதியிருக்கிறேன்: ‘மரம், சுடுமண், காகிதத்தில் செய்த கலையணிகள்’. பதாகை அச்சுக்குப் போகுமுன் பார்ப்பார் என்று நம்புகிறேன்.