கடைசி தேதி மூணாவது பக்கத்துல ஒளிஞ்சிருந்துச்சு

புரியுற மாதிரி திருத்தித் தரச் சொல்லி போன வாரம் எனக்கு இன்னொரு லெட்டர் வந்துச்சு. ஒரு ஆபீஸ் மக்களுக்கு அனுப்பின மூணு பக்க இங்கிலீஷ் லெட்டர், "பாதிப் பேரு பதிலே போடல, கொஞ்சம் பாத்துக் குடுங்க"ன்னு. விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், ஜூன் 30-க்குள்ள ஒரு ஃபார்ம் அனுப்பலேன்னா உதவித்தொகை நின்னுடும். அந்தத் தேதி மூணாவது பக்கத்துல, மூச்சு வாங்குற நீளத்துக்கு ஓடுற ஒரு வாக்கியத்தோட வால்ல தொங்கிட்டிருந்துச்சு. பணம் நின்னவங்கள "நீங்கதான் சரியா படிக்கல"ன்னு திட்டி இன்னொரு லெட்டர் வேற போயிருக்கு.

முக்கியமான வாக்கியம் இப்படி இருந்துச்சு: "தி டெர்மினேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ் வில் பி எஃபெக்டட் இன் தி ஈவென்ட் ஆஃப் நான்-சப்மிஷன் ஆஃப் தி ப்ரிஸ்க்ரைப்ட் ஃபார்ம்." 16 வார்த்தை, அதுல ஒரு மனுஷன் கூட இல்ல. யாரு நிறுத்துறா, யாரு அனுப்பணும், எதுவும் கிடையாது. நான் மாத்தினது: "இஃப் யூ டோன்ட் சென்ட் திஸ் ஃபார்ம் பை 30 ஜூன், வீ வில் ஸ்டாப் யுவர் பெனிஃபிட்." 14 வார்த்தை, தேதியும் உள்ளயே வந்துடுச்சு. ரெண்டே ரெண்டு வார்த்தைதான் குறைஞ்சிருக்கு, பாத்தீங்களா? சுருக்குறது மட்டும் வேலை இல்ல, ஆள உள்ள கொண்டு வரணும்.

உடனே வழக்கமான பதில் வந்துச்சு, "ரொம்ப சாதாரணமா இருக்கே, சட்டப்படி செல்லுமா?" இதக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு. அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளோட சிவில் நடைமுறை விதிகளையே 2007-ல எளிய இங்கிலீஷ்ல திருப்பி எழுதினாங்க, "ஷேல்"னு இருந்த இடத்துலல்லாம் அர்த்தத்துக்குத் தகுந்த மாதிரி "மஸ்ட்", "மே", "ஷுட்"னு போட்டாங்க, கோர்ட் ஒண்ணும் இடிஞ்சு விழல. அங்க அரசாங்க ஆபீஸ்கள் மக்களுக்குப் புரியுற மாதிரி எழுதணும்னு 2010-லயே சட்டம் இருக்கு. மரியாதை போயிடும்ங்கறீங்களா? 1940 ஆகஸ்ட்ல, நாட்டு மேல குண்டு விழுந்துட்டிருந்த நேரத்துல, பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் உக்காந்து தன் அதிகாரிங்களுக்கு "ரிப்போர்ட்ட சுருக்கமா எழுதுங்க, வெத்து வார்த்தையத் தூக்குங்க"ன்னு ஒரு மெமோ போட்டாரு. அவருக்குப் போகாத மரியாதை உங்க செக்‌ஷனுக்குப் போயிடப்போகுதா? சொல்லப்போனா சண்டை வர்றதே குழப்பமான வாக்கியத்துலதான், ஒரே வரிய ரெண்டு பேரு ரெண்டு விதமா படிச்சா கேஸு வராம என்ன வரும்.

(பாசிவே, அதாவது செஞ்சவர் பேரு இல்லாம "செய்யப்பட்டது"ன்னு எழுதுறதே, தப்புன்னு சொல்றவங்களோடயும் எனக்கு ஒத்துப்போகாது. செஞ்சது யாருன்னே தெரியலேன்னா, இல்ல அது முக்கியமே இல்லேன்னா தாராளமா போடுங்க. செஞ்சவன ஒளிச்சு வைக்கப் போடாதீங்க.)

"ப்ரயர் டு" வேணாம், "பிஃபோர்" போதும். "யுடிலைஸ்" எதுக்கு, "யூஸ்" இருக்கே. "மேக் அன் அப்ளிகேஷன்"னு வினைச்சொல்லப் புடிச்சு பெயர்ச்சொல்லுக்குள்ள அடைக்காதீங்க, "அப்ளை"ன்னு விட்டுடுங்க. படிக்கிறவங்க செய்ய வேண்டியது முதல் பத்தியிலயே வரணும், சட்டப் பிரிவு நம்பர் எல்லாம் கடைசிக்குப் போகட்டும். பழைய லெட்டர காப்பி பண்ணி தேதி மட்டும் மாத்துற பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுடுங்க, பாதி வியாதி அங்கருந்துதான் பரவுது.

அனுப்புறதுக்கு முன்னாடி, உங்க டிபார்ட்மென்ட்ல இல்லாத ஒருத்தர்கிட்ட குடுங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. "இப்ப நீங்க என்ன பண்ணணும், எப்பக்குள்ள?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா தப்பு அவங்க மேல இல்ல, லெட்டர் மேல.

அந்த மூணு பக்கத்த அரைப் பக்கமாக்கி அனுப்பினேன். நேத்து ஃபைனல் காப்பி வந்துச்சு, எல்லாம் அப்படியே வெச்சிருந்தாங்க. மேல மட்டும் யாரோ பெரியவர் ஒரு வரி சேத்திருக்காரு, "ப்ளீஸ் பி அட்வைஸ்ட் தட்"னு.