ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

குடியால் கெடும் கல்லீரலைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தச் சொல் வந்துவிடும். தமிழில் பெரும்பாலும் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று எழுதுகிறோம். படிப்பவருக்கோ ரத்த அழுத்தமும் மன அழுத்தமும்தான் நினைவுக்கு வரும். இது இரண்டும் இல்லை.

'ஆக்சிஜன்' பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய பெயர். 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது கிடையாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஆக்சிஜனேற்றம் என்பதும் முதலில் ஆக்சிஜன் சேர்வதையே குறித்தது. இன்று எலக்ட்ரானை இழப்பது எல்லாமே அதில் அடங்கும். 'ஸ்ட்ரெஸ்' பொறியியலில் புழங்கிய சொல். உடலியலில் அதைப் பரப்பியவர் மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே. இரண்டையும் சேர்த்து 1985இல் ஒரு நூலுக்கே தலைப்பாக்கினார் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ். ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள்களின் கை ஓங்கி, அவற்றை அடக்கும் பொருள்கள் பின்தங்கிப்போகும் நிலை என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

கல்லீரலில் இது எப்படி நடக்கிறது? தொடர்ந்து குடிப்பவருக்கு சைட்டோகுரோம் 2இ1 என்ற நொதி பெருகுகிறது. மதுவைச் சிதைக்கும்போதே இது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் சேர்மங்களைக் கசியவிடும். இரும்பு கூடச் சேர்ந்தால் அவற்றிலிருந்து இன்னும் மூர்க்கமாக வினைபுரியும் ஹைட்ராக்சில் பிறந்து, செல் சவ்வின் கொழுப்பைத் தாக்கும். கொழுப்பு சிதைந்து வரும் மலோன்டைஆல்டிஹைடும், மதுவிலிருந்து வரும் அசிட்டால்டிஹைடும் புரதங்களில் ஒட்டிக்கொள்கின்றன. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதங்களை அந்நியம் என்று எண்ணித் தாக்கத் தொடங்குகிறது.

காவலுக்கு ஆள் இல்லாமல் இல்லை. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்ற நொதிகள், எல்லாவற்றுக்கும் மேலாக செல்லே செய்துகொள்ளும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவால் குளுட்டாதயோனைச் செய்துகொள்ள முடியாது, வெளியிலிருந்துதான் வரவேண்டும். மது அதன் சவ்வை மாற்றி அந்த வரத்தைக் குறைத்துவிடுகிறது. கிடங்கில் நெல் இருந்தும் உலையில் போட அரிசி இல்லாத நிலை. பாராசிட்டமாலின் நச்சு விளைபொருளை அடக்குவதும் இதே குளுட்டாதயோன்தான். தொடர்ந்து குடிப்பவர்கள் அந்த மாத்திரையில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டியது இதனால்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெஸ் 'தகைவு'. கம்பியை இழுப்பதற்கு அது பொருந்தும், செல்லுக்குப் பொருந்தாது. 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி' என்பதே என் தேர்வு. வரவு குறைந்து செலவு ஏறும்போது நாம் நெருக்கடி என்றுதானே சொல்கிறோம்? இலங்கை வழக்கில் 'ஒட்சியேற்றம்' என்பார்கள். அங்கே 'ஒட்சியேற்ற நெருக்கடி' ஆகலாம்.

ஆக்சிஜனேற்றத்தை அடக்கும் இத்தகைய பொருளான ஆன்டிஆக்சிடன்டை 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு மாத்திரையால் எல்லாம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையை அது தந்துவிடும். 'எதிர் ஆக்சிஜனேற்றி' மேல். குளுட்டாதயோன் உருவாக உதவும் அசிட்டைல்சிஸ்டீனை, கடுமையான மது ஈரல் அழற்சியில் ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2011இல் வெளிவந்தது. முதல் மாதத்தில் இறப்பு குறைந்தது. ஆறாவது மாதத்தில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. குடியை நிறுத்துவதற்கு ஈடான மருந்து இன்னும் வரவில்லை. அதையும் நெடுநாள் குடித்தவர் திடீரென்று தானே செய்யாமல், மருத்துவரின் துணையோடு செய்யவேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.