கிணற்று நீச்சல் மலை ஓடையில் ஏன் கைகொடுப்பதில்லை?

என் மாமா பையன் வத்தலக்குண்டுக்காரன். ஐம்பதடிக் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து, அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருவான். அப்படிப்பட்டவன் ஒரு ஜனவரி காலையில், கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடையில் குதித்துவிட்டு, தலை வெளியே வந்தும் மூச்சு விட முடியாமல் கையை அடித்துக்கொண்டிருந்தான். கரை எட்டடி தூரம்தான். நானும் தம்பியும் துண்டை வீசி இழுத்துப் போட்டோம்.

அவனுக்கு நீச்சல் மறந்துபோகவில்லை. அவன் பழகிய தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறு, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் அசையாது, ரொம்பக் குளிராது, உடம்பைத் தாங்கும். மலைத் தண்ணீரிடம் இந்த மூன்றையும் எதிர்பார்க்க முடியாது.

முதலில் குளிர். கொடைக்கானலில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், சோலைக்குள்ளிருந்து வரும் ஓடை வெயில் ஏறினாலும் சீக்கிரம் சூடாகாது. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீர் திடீரென்று தோலில் பட்டால், நம்மைக் கேட்காமலே உடம்பு 'ஹக்' என்று ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அப்புறம் மூச்சு பல மடங்கு வேகமாக ஓடும். அந்த முதல் இழுப்பின்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. கிணற்றில் ஒரு நிமிடம் மூச்சடக்குகிறவர் இங்கே சில நொடிதான் தாங்குவார். நல்ல விஷயம் என்னவென்றால், இது ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால் குதிக்காதீர்கள். உட்கார்ந்து காலை, கையை, பிடரியை, முகத்தை நனைத்துவிட்டு மெதுவாக இறங்குங்கள். தவறி விழுந்துவிட்டால் நீந்தப் பார்க்காமல், மல்லாந்து மிதந்து மூச்சு நிதானப்படும்வரை காத்திருங்கள்.

அடுத்தது அருவி விழும் இடத்தின் வெள்ளை நுரை. எல்லோரும் போட்டோ எடுக்க நெருங்குவது அங்கேதான், எனக்கு அதிகம் பயம் வருவதும் அங்கேதான். நாம் மிதப்பது ஒரு சின்ன வித்தியாசத்தில். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, நுரையீரல் நிறைய காற்றோடு இருக்கும் நம் உடம்பு லிட்டருக்கு 950 முதல் 980 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நுரைத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு காற்று கலந்திருந்தாலே அதன் எடை லிட்டருக்கு 900 கிராம்தான். இப்போது நாம்தான் கனம். எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் மூழ்குவார், கையை வீசினாலும் தண்ணீரோடு காற்றையும் சேர்த்துத்தான் தள்ளுவார்.

அதோடு முடியவில்லை. மேலிருந்து விழும் தண்ணீர் அடிவரை பாய்ந்து, அடியிலேயே வெளியே போகிறது. அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப, மேல்மட்டத்துத் தண்ணீர் ஓடை இறங்கிப்போகும் பக்கத்திலிருந்து அருவியை நோக்கித் திரும்பி ஓடும். கரையிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியாது. ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள், அது அருவியைப் பார்த்து நகர்ந்தால் அங்கே இறங்கவே கூடாது. சிக்கியவர் நேராகக் கரைக்கு வர எத்தனை முறை முயன்றாலும் அந்தச் சுழல் அவரைத் திரும்ப அடியில் கொண்டுபோய்ச் செருகும். பக்கவாட்டில் நகர்வதுதான் வழி.

பெரியகுளம் பக்கம் கும்பக்கரைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பாறைக் குழிகளுக்கு யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம் என்று பெயர். கசம், அதாவது ஆழமான நீர்க்குழி, என்பதைத்தான் ஊரில் கெஜம் என்கிறார்கள். உரல் என்று பெயர் வைத்தவர் யாரோ, விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்! சுழலில் மாட்டிய கற்கள் குழவி மாதிரி சுற்றிச் சுற்றி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாறையை அரைத்துத்தான் இப்படிப்பட்ட குழிகள் உண்டாகின்றன. அதனால் சுவர் வழவழப்பாக இருக்கும், பிடித்து ஏற ஒரு விரிசல்கூட இருக்காது, சில குழிகள் வாய் குறுகி வயிறு பருத்திருக்கும். போதாததற்கு, ஒளி விலகலால் தண்ணீர் முக்கால் ஆழம்தான் காட்டும். ஒன்பதடி என்று நீங்கள் நினைப்பது பன்னிரண்டடி.

சரி, நான் நீந்தவே போவதில்லை, முழங்கால் தண்ணீரில் நிற்கப்போகிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் தண்ணீர் இரண்டு காலையும் தோராயமாக ஆறு கிலோ எடையளவுக்குத் தள்ளும், இரண்டு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட இருபத்தைந்து, மூன்று மீட்டர் என்றால் ஐம்பதுக்கு மேல். நிற்பது பாசி படிந்த பாறையில், அதுவும் பச்சையாகத் தெரியாத, கண்ணாடி மாதிரி மெல்லிய பாசி.

அந்த வேகம் கூடுவது சில நிமிட வேலை. கும்பக்கரைக்கு வரும் பாம்பாறு கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிறது. மேலே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொட்டும் மழை செங்குத்தாக ஓடிவரும்போது, அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். கும்பக்கரையில் நீர்வரத்து கூடினால் வனத்துறை குளிக்கத் தடை போடுகிறது. எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடுவது மாதிரியான பெயரில்லாத ஓடைகளில் அப்படிப் பார்த்துச் சொல்ல யாரும் கிடையாது, நாம்தான் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் சேர்ந்து வருவது, சத்தம் கனப்பது, இதில் எது ஒன்று நடந்தாலும் செருப்பைத் தேடாமல் மேட்டில் ஏறிவிடுங்கள். நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு என்று அணைகள் நிறைய, அங்கெல்லாம் அணையைத் திறந்துவிட்டால், கீழே மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறலாம்.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள், அவரைப் பிடித்த அதே நுரையும் சுழலும்தான் உங்களையும் பிடிக்கும். புடவை, வேட்டி, கயிறு, எதையாவது வீசுங்கள். வெளியே எடுத்தபின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுற்றுவதும் வேண்டாம், மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, அப்புறம் நெஞ்சை அழுத்த வேண்டும்.

அந்த ஜனவரிக்குப் பிறகு எங்கள் ஜீப்பில் மூடி போட்ட ஒரு காலி இருபது லிட்டர் கேன் எப்போதும் கிடக்கிறது, கைப்பிடியில் நாற்பதடிக் கயிறு கட்டி. நல்ல தண்ணீரில் ஏறக்குறைய இருபது கிலோ எடையை அது தாங்கும். தலையை மட்டும் வெளியே வைத்திருக்க அதில் கால்வாசி போதும்.