பூனைக்குச் சளியா? மாத்திரை அட்டையைக் கீழே வையுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கட்டைப்பையில் துண்டு சுற்றிக் கொண்டுவந்தார்கள், எட்டு மாதப் பெண் பூனை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், சாக்லேட் நிறத்தில் இருந்தது, முகமும் வீங்கியிருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "தும்மிக்கிட்டே இருந்துச்சு டாக்டர், அரை பாரசிட்டமால்தான், கைக்குழந்தைக்கே கொடுக்கறோமே!"

குழந்தைக்குக் கொடுக்கலாம். பூனைக்குக் கூடாது. அரை, கால், சிரப்பில் நாலு சொட்டு, எதுவுமே கூடாது. அதை முறித்து வெளியேற்றும் வேலையை நம் கல்லீரல் செய்கிற மாதிரி பூனையின் கல்லீரலால் செய்ய முடியாது. சிவப்பணுக்கள் கெட்டு, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ரத்தம் பழுப்பாகிவிடும். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை வளர்ந்த பூனையைக் கொன்றுவிடும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா, திட்டுவேன்தான், ஆனாலும் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் இருப்பதில்லை.

சரி, சளிக்கு வருவோம். பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ் (நாக்கில் புண் தெரிந்தால் நான் முதலில் கலிசியைத்தான் நினைப்பேன்). பூனை ஹெர்பிஸ் மனிதருக்கு ஒட்டாது, ஆனால் ஒருமுறை வந்தால் பூனையின் உடம்பிலேயே தங்கிவிடும்; வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ மறுபடி தலைகாட்டும். போன தடவை மருந்து சரியில்லை என்று சண்டைக்கு வராதீர்கள்.

மூக்கு அடைத்தால் வாசம் தெரியாது, வாசம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. மூக்கை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்துவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்த மீனை வெதுவெதுப்பாக வையுங்கள். தைலம், கற்பூரம் பக்கத்திலேயே வேண்டாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையா, கொண்டுவாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

அப்புறம் இந்தச் சளிக்கான தடுப்பூசி. "ரேபிஸ் போட்டாச்சே" என்பார்கள். அது வேறு, இது வேறு. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். போட்டாலும் தும்மல் வரலாம், ஆனால் படுத்த படுக்கையாகாது. தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வருகிற நல்ல மனசுக்காரர்களே, தயவுசெய்து 2 வாரம் தனி அறை, தனிக் கிண்ணம், தொட்டால் கை கழுவல். கலிசி தரையில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காகப் பினாயிலை ஊற்றாதீர்கள், அதுவும் பூனைக்கு விஷம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசிவிடுங்கள்.

அந்தப் பூனை நேற்று சாயந்திரம் கொஞ்சம் மீன் நக்கியது. மிச்ச மாத்திரை அட்டையை அந்த அம்மாவிடம் வாங்கி என் மேசை டிராயரில் போட்டுக்கொண்டேன்.