மூன்றரை பாகைக்குள் ஓர் உதை

2014 ஜனவரி 6, கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இறுதிப் போட்டி முடிய 13 விநாடிதான் பாக்கி. ஃபுளோரிடா ஸ்டேட் அணி அப்போதுதான் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) அடித்து ஆபர்ன் அணியை 33-31 என்று முந்தியிருந்தது. அதற்குப் பின் கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் ஒரு கூடுதல் புள்ளிக்காக 19 வயது இளைஞர் ஒருவர் உள்ளே வந்தார், உதைத்தார், 34 ஆனது. அந்த சீசனில் அது அவருக்கு 94-வது கூடுதல் புள்ளி. 94 முறை முயன்று 94-ம் உள்ளே!

பெயர் ராபர்ட்டோ அகுவாயோ. ஃபுளோரிடாவின் மஸ்காட் என்ற சின்ன ஊரில், மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் ஆடியது நமக்குத் தெரிந்த உருண்டைப் பந்து. கல்லூரிக்கு வந்த முதல் வருடம் களத்தில் இறங்கவே இல்லை, வெறும் பயிற்சிதான். ஆடாத வருடம் கணக்கில் சேராது என்பதால், 2013-ல் இறங்கியபோதும் ஆட்டக் கணக்கில் அவர் முதலாண்டு மாணவர். அந்த ஒரே சீசனில் 22 ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) முயற்சிகளில் 21 வெற்றி, மொத்தம் 157 புள்ளிகள். அதுவரை எந்தக் கல்லூரி கிக்கரும் (உதைப்பதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரர்) ஒரு சீசனில் அவ்வளவு எடுத்ததில்லை. நாட்டின் சிறந்த கல்லூரி கிக்கருக்கான லூ கிரோஸா விருதும் கிடைத்தது.

விருதுக்குப் பெயர் தந்த பழைய கிக்கர் கிரோஸாவின் பட்டப்பெயர் ‘கால்விரல்’. அந்தக் காலத்து கிக்கர்கள் பந்துக்கு நேர் பின்னாலிருந்து ஓடி வந்து, ஷூவின் முனையால் குத்துவார்கள். ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த பீட் கோகலாக், 1964-ல் பக்கவாட்டில் சாய்வாக ஓடி வந்து புறங்காலால் உதைக்கும் முறையைத் தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். இன்று எல்லோரும் அப்படித்தான் உதைக்கிறார்கள். ‘கால்விரல்’ பெயரில் உள்ள விருதைப் புறங்கால்காரர்களே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

சாய்வாக வந்தால் என்ன லாபம்? நேராக ஓடி வந்தால் கால் முன்னும் பின்னுமாக ஊஞ்சல் போல ஆடும், அவ்வளவுதான். சாய்வாக வரும்போது இடுப்பும் சேர்ந்து திரும்புவதால் பாதம் இன்னும் பெரிய வளைவில் வந்து, கூடுதல் வேகம் எடுக்கிறது. உதையின் கடைசி நொடித்துணுக்கில் தொடையின் வேகம் குறையும். அது இழந்த வேகம் முழங்காலுக்குக் கீழே இறங்கிப் பாதத்தைச் சுழற்றி எறியும். சாட்டையின் பிடி நின்றதும் நுனி ‘பளீர்’ என்று வெடிப்பது போல. அப்புறம், ஷூ முனையைவிடப் புறங்கால் எலும்பு அகலமானது. சிறிது இடம் பிசகினாலும் பந்து கண்டபடி தெறிக்காது.

பந்தோ இரு பக்கமும் கூராக்கிய முட்டை மாதிரி இருக்கும். எடை 400 கிராம் சொச்சம். ஒருவர் குனிந்து கால்களுக்கு இடையே அதைப் பின்னால் எறிய, ஏழு எட்டு கெஜம் தள்ளி மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் பிடித்து, ஒரு விரலால் நிறுத்தி, தையல் நாடா கோல் பக்கம் பார்க்கும்படி திருப்ப வேண்டும். நாடாவின் மேடு பள்ளத்தில் கால் பட்டால் பந்து ஒருபுறமாகப் பிசகும். எறிவதிலிருந்து உதைப்பது வரை சுமார் 1.3 விநாடி. பெயர் கிக்கருக்குப் போனாலும் இது மூன்று பேர் வேலை.

கால் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே படுகிறது. அதனால் பந்து முன்னே பறந்துகொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். சுழல் அச்சு தரைக்கு இணையாக இருக்கும்வரை அது பம்பரம் போலத் தன் நிலையை விடாது. கால் சற்று ஓரமாகப் பட்டு அச்சு சாய்ந்தால், காற்று பந்தைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பிக்கும்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சுமார் 6.4 மீட்டர் முன்னால் தடுப்பவர்கள் கைகளை உயர்த்தித் துள்ளுகிறார்கள். மூன்று மீட்டருக்கு மேலே போனால்தான் பந்து தப்பும். அப்படியென்றால் அது 25 பாகைக்கு மேலேயே கிளம்ப வேண்டும். தூரம் வேண்டி மிகவும் தாழ்த்தி உதைத்தால் அங்கேயே மாட்டும்.

உண்மையான நெருக்கடி இடம் வலத்தில். கோல் கம்பங்களுக்கு இடையே 5.64 மீட்டர். நடுவிலிருந்து 50 கெஜத்தில் உதைத்தால் பக்கத்துக்கு மூன்றரை பாகைதான் பிழைக்கலாம். கல்லூரிக் கூடுதல் புள்ளி 20 கெஜ தூரம். அங்கே கிட்டத்தட்ட ஒன்பது பாகை இடமிருக்கிறது. அதை மட்டும் பார்த்து அகுவாயோவின் 94-ஐ எளிதாக எடைபோட முடியாது. சோர்வு, மழை, எறிபவரின் பிசகு எல்லாம் 94-ல் ஒரு தடவையாவது வந்து சேரும். ஃபீல்ட் கோல் இன்னும் கஷ்டம். ஆட்டம் மைதான ஓரத்தில் நின்றால், கல்லூரி விதிப்படி நடுவிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி, கோணலாக உதைக்க வேண்டியிருக்கும். அதில்தான் 22-க்கு 21.

மூன்று வருடம் ஆடி, கூடுதல் புள்ளியில் 198-க்கு 198 என்று முடித்தார். 2016-ல், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது, டாம்பா பே அணி அவரை இரண்டாம் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. கிக்கருக்கு அது அபூர்வமான மரியாதை. ஆனால் தொழில்முறையில் கூடுதல் புள்ளி அதற்கு முந்தைய வருடம்தான் 33 கெஜத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. ஒன்பது பாகை ஐந்தாகச் சுருங்கியிருந்தது. 34-ல் இரண்டு தவறின. ஃபீல்ட் கோலில் 31-க்கு 22. ஆட்டம் ஓரத்தில் நின்றாலும் தொழில்முறையில் உதைக்கும் இடம் நடுவுக்கு நெருக்கம் என்பதால் கோணல் குறைவு, அந்த வகையில் சுலபமாக இருந்திருக்க வேண்டும். தூரத்தை மட்டும் வைத்து இந்தச் சரிவை விளக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இடுப்பு ஒரு பாகை முன்னதாகத் திரும்பினால் போதும், 50 கெஜத்தில் பந்து 80 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

2017 ஆகஸ்டில் அந்த அணி அவரை விடுவித்தது. ஃபுளோரிடா ஸ்டேட்டில் அவர் விட்டுப்போன இடத்தில் அப்போது உதைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி ரிக்கி.